உட்கார ஓர் இடம்

பெரிய மனிதர் ஒருவர் காலமானால் பத்திரிகைகள் கறுப்புக் கட்டம் போட்டு இரங்கல் தெரிவிக்கின்றன. பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை இடித்தால்கூட நாலு பேர் நின்று பார்த்து, "இங்கேதானே நாம் இன்ன படம் பார்த்தோம்!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். ஹோட்டலுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் சாதாரணமாகக் கிட்டுவதில்லை. இன்றைக்கு ஒரு ஹோட்டலை மூடினால், நாளைக்கு ஜனங்கள் எதிர்ச்சாரி ஹோட்டலில் காப்பி சாப்பிட்டுவிட்டுத் தங்கள் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நாக்குக்கு நன்றியறிவு சற்றுக் குறைவுதான் போலும்!

இந்தப் பொது விதிக்கு விலக்காகச் சென்னைப் பட்டணத்தில் ஒரு ஹோட்டல் இருந்தது. கதீட்ரல் ரோட்டில், ஜெமினி மேம்பாலத்துக்குச் சமீபத்தில், மரங்கள் அடர்ந்த பெரியதொரு தோட்டத்துக்குள் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டலைத்தான் சொல்கிறேன். 1962-ல் திறக்கப்பட்ட அந்த ஹோட்டல் 2008-ல் மூடப்பட்டது. இத்தனை வருஷங்களாகியும், வயது சென்ற சென்னைவாசிகள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அந்த மரத்தடியில் போய்ச் சேருவதுண்டு.

"சென்னைவாசிகள் துக்கப்படட்டும், கேளம்பாக்கத்து மனிதருக்கு இதில் என்ன வந்தது?" என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் பழைய சாலையில், பட்டணத்துக்குச் சுமார் முப்பது கிலோ மீட்டருக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்குக் கிழக்கே கோவளத்துக் கழி. அதை ஒட்டி உப்பளங்கள். நான் உத்தியோகத்துக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அங்கிருந்து பட்டணம் போவதென்பது ஒரு சிறு யாத்திரை. நாவலூர், சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம் என்று ஒவ்வோர் ஊராக நின்று நின்று பஸ் அடையாற்றுக்கு வந்து சேருவதற்குள், காலையில் போட்ட சலவைச் சட்டை சலவைக்குப் போட வேண்டியதாகிவிடும். இப்படி வந்து சேர்ந்தவனுக்குப் பட்டணத்தில் வீடு கிடையாது, உறவினர் கிடையாது, இரவு கடைசி பஸ் பிடிக்கும் வரையில் கால் நீட்டி உட்கார ஓரிடம் கிடையாது. பட்டணத்திலேயே குடியிருப்பவர்களுக்கு அந்த ஹோட்டல் ஒரு சௌகரியம். என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு வீட்டுத் திண்ணை.

மோட்டாரை விட்டு இறங்காமலே ஆகாரம் சாப்பிடும் ஏற்பாடு அமெரிக்காவில் தோன்றியது. 1921-ல் டெக்ஸாஸ் மாகாணத்தில், டல்லாஸ் நகரத்துப் பெருஞ்சாலை ஓரமாக அப்படிப்பட்ட கடை ஒன்றைத் திறந்தார்கள். அங்கே விற்ற பண்டம் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி! அந்த ஏற்பாடு கடல் கடந்து வந்து, ஓர் உடுப்பிக்காரர் கையில் அகப்பட்டு, மசால் தோசையும் சாம்பார் வடையுமாகச் சைவ தீட்சை பெற்றுக்கொண்டது.

தீட்சை கொடுத்தவர் கே. கிருஷ்ணராவ். உடுப்பிச் சீமையில் பிறந்து, சிறு பிள்ளையாகச் சமையற்கட்டு வேலையில் தொடங்கி, சென்னைக்கு வந்து, படிப்படியாக ஹோட்டல் முதலாளியானவர். 1938-ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களா ஒன்றில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தார். பிற்பாடு, இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் நியூ உட்லண்ட்ஸ் ஏற்பட்டது. அதற்கும் பின்னால் வந்ததுதான் கதீட்ரல் ரோட்டு டிரைவ்-இன். இடம் ஹோட்டலுக்குச் சொந்தமல்ல. 1835-ல் ஏற்பட்ட தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த நிலத்தில் குத்தகைக்கு எடுத்தது. அதனால்தான் பட்டணத்தின் நடு மத்தியில், ஒரு சாண் பூமிக்கு ஒரு மூட்டைப் பணம் கேட்கும் இடத்தில், அத்தனை பெரிய மரங்களும் அத்தனை நிழலும் அந்த ஹோட்டலுக்கு வாய்த்திருந்தன.

மோட்டாரில் வருகிறவர்கள் மர நிழலில் வண்டியை நிறுத்துவார்கள். ஸர்வர் ஒரு தட்டைக் கொண்டுவந்து காரின் ஜன்னலில் மாட்டி, அதன்மேல் ஆகாரத்தை வைப்பார். குழந்தைகளுக்கு இதைக் காட்டிலும் பெரிய வேடிக்கை வேறில்லை. பூரி ருசியா, அந்தத் தட்டு ருசியா என்று அவர்களைக் கேட்டால் தட்டுதான் என்று சொல்லியிருப்பார்கள்.

எனக்குக் காரும் கிடையாது, கார் வாங்கும் யோசனையும் கிடையாது. ஆனால் மோட்டார்க்காரர்களுக்கென்று பெயர் வைத்த ஹோட்டலில் நடந்து வந்தவர்கள்தாம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மேஜை நாற்காலி போட்ட கூடம் இருந்தது. நாமே போய் எடுத்துக்கொள்ளும் பகுதியும் இருந்தது. ஒரு மேஜையில் கல்லூரி மாணவர்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். மற்றொன்றில் சினிமாவுக்குக் கதை எழுதுகிறவர் ஒருவர், கேட்பவர் முகம் போகும் போக்கைப் பார்த்துக் கதையின் முடிவை மாற்றிக்கொண்டிருப்பார். மூன்றாவது மேஜையில் பெண் பார்க்கும் படலம் நடக்கும். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்ததுபோல் பாவனை செய்வார்கள். ஸர்வர் உள்பட ஒருவரும் அதை நம்பமாட்டார்கள். ஆனாலும் நம்பியதுபோல் நடந்துகொள்வார்கள். இதற்குப் பெயர்தான் நாகரிகம்.

நான் உட்கார்ந்தது மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளின் மேஜையில். எங்கள் தொழிலின் லட்சணம் பலருக்குத் தெரிந்திராது. டாக்டர்கள் எங்களைக் காலையில் சிறிது நேரம் பார்ப்பார்கள். மாலையில் சிறிது நேரம் பார்ப்பார்கள். நடுவே உள்ள நாலைந்து மணி நேரம் பிரதிநிதி என்கிற பிராணி தோல் பையைச் சுமந்துகொண்டு, கழுத்தில் டையுடன் சித்திரை வெயிலில் திரிய வேண்டியதுதான். அந்த நாலைந்து மணி நேரத்தை எங்களுக்குத் தானமாகக் கொடுத்தது உட்லண்ட்ஸ். அங்கே உட்கார்ந்து, நடுவில் மைக்காகிதம் வைத்து, அன்றைய ரிப்போர்ட்டை எழுதுவோம். காலையில் ஒரே டாக்டரின் வாசலில் ஒருவருக்கொருவர் போட்டியாக நின்றவர்கள், மத்தியானம் ஒரே மேஜையில் ஒரு தோசையை நாலாகப் பங்கு போட்டுக்கொள்வோம்.

1976-ல் என் தகப்பனார் கண்ணில் புரை விழுந்து, எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். திரும்புகாலில், நான் தினந்தோறும் வர்ணிக்கும் ஹோட்டலை அவருக்குக் காட்ட ஆசைப்பட்டு, கதீட்ரல் ரோட்டுக்குக் கூட்டி வந்தேன். என் தகப்பனார் உப்பளத்துக் கூலியாக வேலைக்குச் சேர்ந்து, மேஸ்திரியாக உயர்ந்தவர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெடித்துப் போன கால்கள், செருப்பு ஏற்காது. வாசலில் வரிசையாக நின்ற மோட்டார்களைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

"ஏம்பா, நம்மை உள்ளே விடுவானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர் கேட்டதில் சரித்திரம் இருந்தது. அவருடைய இளம் பிராயத்தில் ஹோட்டல் என்பது எல்லாருக்கும் பொதுவான இடமாக இருக்கவில்லை. இன்ன ஜாதியாருக்கு இன்ன இடம் என்று நடுவே தடுப்பு வைத்த ஹோட்டல்கள் இருந்தன. சிலரை வாசற்படியே ஏற்றாத ஹோட்டல்களும் இருந்தன. அந்த அநீதி எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு நமது அரசியல் சட்டமே சாட்சி. 1950-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் 15-வது விதி, மதம், ஜாதி முதலியவற்றைக் காரணமாகக் காட்டி எவரையும் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு மகா தேசத்தின் ஆதார சாஸனத்தில் ஹோட்டலின் பெயர் இடம் பெற வேண்டியிருந்தது! 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அதை மீறுகிறவர்களுக்குத் தண்டனையையும் விதித்தது. சட்டம் வந்து இருபது வருஷமாகியும், என் தகப்பனார் நெஞ்சிலிருந்து அந்தப் பழைய தடுப்பு முழுவதும் எடுபடவில்லை.

"வாருங்கள் அப்பா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். ஸர்வர் வந்தார். வழக்கமாக எங்கள் மேஜைக்கு வருகிறவர். உடுப்பிப் பக்கத்து மனிதர். கன்னடச் சாயலோடு தமிழ் பேசுவார். தகப்பனாரின் கண்ணில் இருந்த கட்டையும் காலையும் ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "பெரியவரே, உட்காருங்க. இட்லி சூடா இருக்கு, கொண்டு வரட்டுமா?" என்றார். இட்லியைத் தாமே பிட்டு, சாம்பாரில் ஊற வைத்து, கிண்ணத்தைத் தகப்பனாரின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

தகப்பனார் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, தம் வாழ்நாள் முழுவதும் உப்பு விளைவித்தவரின் அதிகாரத்தோடு, "உப்பு அளவாப் போட்டிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னார். உட்லண்ட்ஸுக்கு எத்தனையோ பேர் எத்தனையோ நற்சாட்சிப் பத்திரங்கள் கொடுத்திருப்பார்கள். இதைவிடச் சிறந்த பத்திரம் அதற்குக் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு ஐந்து வருஷத்துக்குப் பின், 1981-ல், என் உத்தியோகம் போயிற்று. நான் வேலை பார்த்த கம்பெனி தென்னாட்டு வியாபாரத்தைச் சுருக்கிக்கொண்டது. எங்களில் பலருக்கு ஒரே மாதிரியான கடிதம் தபாலில் வந்தது. அப்போது எனக்கு இரண்டு குழந்தைகள். தகப்பனார் படுக்கையில். தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். கடிதத்தைப் படித்துவிட்டு, வீட்டில் என்னவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நாளைக் காலையில் எப்போதும்போல் புறப்பட்டுப் போங்கள். நீங்கள் பகலில் வீட்டிலிருந்தால் தெருவெல்லாம் விசாரிக்கும். பிள்ளை வீட்டார் காதுக்கும் எட்டும். அந்த ஹோட்டலில் போய் உட்கார்ந்து வேறு வேலைக்கு எழுதிப் போடுங்கள்" என்றாள். பஸ்ஸுக்கும் ஒரு காப்பிக்கும் வேண்டிய சில்லறையை அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று மாத காலம் அப்படிப் போய் உட்கார்ந்தேன். காலையில் ஒரு காப்பி. அதை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரையில் மனுக்கள் எழுதுவேன். பையில் மருந்துச் சாம்பிள்கள் இல்லை. கழுத்தில் டை இல்லை. நடந்தது இன்னதென்று ஸர்வருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் வாய் திறந்து கேட்கவில்லை. என் மேஜைக்குப் பில் மட்டும் சாயங்காலம்தான் வரும். பில் கொண்டுவந்து வைத்துவிட்டால் எழுந்திருக்க வேண்டும் என்பது ஹோட்டல் உலகத்தின் எழுதாத சட்டம் அல்லவா? அந்தச் சட்டம் என்மேல் பாயாதபடி அவர் தினந்தோறும் பார்த்துக்கொண்டார். மத்தியானம் கூட்டம் நெருக்கும் வேளையில் மட்டும் அருகில் வந்து, "ஸார், அந்த மூலை மேஜையில் காற்று நன்றாக வருகிறது" என்பார். நான் அங்கே மாறிக்கொள்வேன். எழுந்து போகச் சொல்ல வேண்டியவர், இடம் மாறச் சொல்லுகிற நயத்தை எந்தக் கல்லூரியில் படித்தாரோ, அறியேன்.

மேஜைச் சிநேகிதர்களும் கைவிடவில்லை. போட்டிக் கம்பெனிப் பிரதிநிதிகளே, "இன்ன இடத்தில் ஆள் எடுக்கிறார்கள், இன்னாரைப் போய்ப் பார்" என்று துப்புக் கொண்டுவந்தார்கள். நாலாவது மாதம், அந்த மேஜையில் கிடைத்த துப்பு ஒன்றின் மூலமாகவே வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. தங்கையின் கல்யாணம் நடந்தது. தகப்பனார் கடைசி வரையில் அந்தக் கடிதத்தைப் பற்றி அறியாமலே கண்ணை மூடினார்.

அவர் உயிரோடிருந்தபோது உப்பு விளையும் முறையை அடிக்கடி சொல்லுவார். கழித் தண்ணீரைப் பாத்தியில் கட்டினால் மாத்திரம் போதாது. அதை நிற்க விட வேண்டும். ஒரு பாத்தியில் வெயில் குடித்துக் கெட்டிப்பட்ட தண்ணீரை அடுத்த பாத்திக்கு மாற்றி, அங்கேயும் பொறுத்திருக்க வேண்டும். கலக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. நாள் கணக்கில் அசையாமல் நின்றால், அடியில் வெள்ளை பூக்கும். "ஓடுற தண்ணியிலே உப்பு விளையுமாடா?" என்பார்.

மனிதர்களுக்கும் இது பொருந்தும் என்பதே உட்லண்ட்ஸில் உட்கார்ந்து நான் அறிந்த விஷயம். பரீட்சைக்குப் படித்த பையனும், கதை எழுதினவரும், வேலை தேடின நானும், சற்று நேரம் அசையாமல் நிற்க இடம் கிடைத்ததால் ஏதோ ஒரு பலனைக் கண்டோம். ஹோட்டலுக்குள் நுழையும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. நுழைந்த பிறகு உட்கார்ந்திருக்கும் உரிமையை எந்தச் சட்டமும் கொடுக்க முடியாது. அது ஹோட்டல்காரரின் மனசிலும் ஸர்வரின் கண் பார்வையிலும் இருக்கிறது.

நிலத்தைப் பற்றிய தாவாக்கள் பல வருஷம் நடந்து, கடைசியில் அரசாங்கம் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஹோட்டல் இருந்த தோட்டம் செம்மொழிப் பூங்காவாகி 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த இடத்தில் இருபது மாடிக் கட்டிடம் எழும்பியிருக்கலாம், எழும்பவில்லை. பழைய மரங்களில் பல இன்னும் நிற்கின்றன. குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். பேரனுடன் டிக்கெட் வாங்கிக்கொண்டு நானும் போய்ப் பார்த்தேன். எல்லாம் அழகாகவே இருக்கிறது. ஆனால் பூங்காவில் நாம் மரத்தைப் பார்க்கிறோம். நம்மைப் பார்க்க அங்கே ஒருவருமில்லை. ஒரு காப்பியைக் கொண்டுவந்து வைத்து, முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போகிற மனிதரைத் தோட்டக்கலையால் வளர்க்க இயலாது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலே கம்பீரமாக நின்ற தாசப்பிரகாஷ் ஹோட்டலும் இப்போது இல்லை. ஸ்டூடியோ போன பிறகும் ஜெமினியின் பெயர் மட்டும் மேம்பாலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பட்டணம் என்றால் மாறத்தான் செய்யும். பட்டணம் மாறுவதோடு நில்லாமல், இப்போது எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. கேளம்பாக்கம் சாலை முன்பிருந்த இரட்டைத் தடச் சாலையல்ல. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். வழி நெடுகக் கண்ணாடி மாளிகைகள். மாளிகைக்கு மாளிகை குளிரூட்டிய ஹோட்டல்கள். ஆகாரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கடைசிக் கவளம் வாய்க்குள் போவதற்கு முன் பில் வந்துவிடுகிறது. "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று இரண்டாவது தடவை கேட்டால், "எப்போது எழுந்திருப்பீர்கள்?" என்று அதற்கு அர்த்தம். முதலாளிகளையும் குறை சொல்ல முடியாது, வாடகை அப்படி. குத்தகைத் தோட்டத்தின் நிழலில் உட்லண்ட்ஸால் முடிந்தது, சதுர அடிக் கணக்கில் வாடகை கொடுப்பவரால் எப்படி முடியும்?

இருந்தாலும் சாலையோரப் பஸ் நிறுத்தத்தில், காலை பதினொரு மணிக்குக் கையில் பையும் காகிதக் கட்டுமாக நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. கம்பெனி கைவிட்ட பிள்ளைகள் இந்தக் காலத்திலும் இருக்கத்தானே செய்கிறார்கள்? காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டே ஆக வேண்டியவர்கள், சாயங்காலம் வரையில் எங்கே போய் உட்காருவார்கள்?

ஆகையால், இந்தப் பக்கத்தில் புதிதாக ஹோட்டல் வைக்கப்போகிற முதலாளி எவரேனும் இதைப் படித்தால், அவருக்கு ஒரு விண்ணப்பம். ஐம்பது நாற்காலி போடுங்கள், நூறு நாற்காலி போடுங்கள், லாபமும் சம்பாதியுங்கள். மூலையில், காற்று வரும் பக்கமாகப் பார்த்து, ஒரே ஒரு மேஜையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவையுங்கள். அந்த மேஜைக்குப் பில்லைச் சாயங்காலம் அனுப்பினால் போதும்.